ஆண்கள் பக்கத்து மோடம்

உங்கள் வீட்டில் யாருடைய பெயரை யார் உச்சரிக்கக் கூடாது? "எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். மணமாகி அந்த வீட்டுக்கு வந்த பெண்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பெயர் அகப்படும். அகப்பட்டதும், "அது ஒரு மரியாதைக்காக, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்" என்பீர்கள். பெலோகாசியும் முப்பத்தாறு வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

டிரான்ஸ்கை மேடுகளில் சிதறிக் கிடக்கும் பதினான்கு மருத்துவ நிலையங்களின் கணினி, ரூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு. ஒரு வெள்ளை பிக்கப் வண்டி, ஒரு மடிக்கணினி, கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் குறடு, எப்போதும் பாதி தீர்ந்திருக்கும் தண்ணீர் பாட்டில். கல்லூரியில் அவள் வகுப்பில் முதல் மாணவி. அந்தச் சான்றிதழைத் துறையில் ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எப்போ முடியும்?"

வார நாட்களில் நகரத்தில் ஒரு வாடகை அறை. சனி ஞாயிறு என்டபேனி கிராமத்தில் மாமியார் வீடு. கணவன் சிவூயிலே கேப்டவுன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான், டிசம்பரில் வருவான். அவன் தம்பிகள் இருவரும் சுரங்கத்தில். மேட்டின் மேல் இருக்கும் அந்தப் பெரிய வட்டக் குடிசையில் இப்போது ஆண் என்று ஒருவரும் இல்லை. மாமனார் ஊர்த்தலைவராக இருந்தவர், போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். மாமியார் நோஃபெசிலே கருப்பு உடுத்தி, துக்க ஆண்டு முடியக் காத்திருக்கிறாள். அந்த வீட்டில் பெலோகாசிக்குப் பெலோகாசி என்ற பெயர் கிடையாது. கல்யாணத்தன்று நோக்வாகா என்று புதுப்பெயர் வைத்தார்கள். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஏழு வருடம் ஓடிவிட்டது.

தொல்லை அதே என்டபேனியில்தான் வந்தது. அங்குள்ள மருத்துவ நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் உள்வெப்பத்தை மணிக்கொருமுறை குறிக்கும் ஒரு சின்னப் பதிவுக் கருவி. மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அந்தக் கருவியைப் படிக்க முடிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பது நாள் தொடர்ந்து படிக்க முடியவில்லை என்றால் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு, குழந்தைக்கு ஊசி வேண்டுமானால் தாய்மார்கள் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குளிர்பெட்டி சரியாகத்தான் குளிர்ந்தது. ஆறு வருடத்தில் ஒரு மருந்துக் குப்பிகூடக் கெட்டதில்லை. குளிர்கிறேன் என்று மேலிடத்துக்குச் சொல்ல அதற்கு வழியில்லை, அதுதான் அதன் குற்றம். ஏழைக்கு எதிராகப் போடப்படும் விதிகளெல்லாம் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன. உன்னிடம் இருப்பது நல்லதா என்று கேட்க மாட்டார்கள். நல்லது என்று எங்கள் படிவத்தில் நிரூபி என்பார்கள்.

வழி செய்வது கேட்பதற்கு எளிது. வெளியிலிருந்து யாராவது இந்த எண்ணுள்ள கதவைத் தட்டினால், அவரை நேராக குளிர்பெட்டியின் கருவியிடம் அனுப்பு என்று ரூட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். பெலோகாசி முதல் பயணத்தில் அதைச் செய்தாள். வெளியே வந்து தன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. இரண்டாம் பயணத்தில் கருவிக்கு ரூட்டர் கொடுத்த உள்ளெண் மாறிப்போயிருந்ததைக் கண்டுபிடித்து, இனி மாறாதபடி பூட்டினாள். மூடியிருந்தது. மூன்றாம் முறை வேறு கதவு எண், பாதுகாப்புத் தடுப்பை அணைத்துப் பார்த்தல். மூடியிருந்தது. நான்காம் முறை ரூட்டரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினாள். அப்போதும் அதே பதில். ஒவ்வொரு பயணமும் மண்சாலையில் இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் மாவட்டத்திலிருந்து மேலாளர் சிகிதி தொலைபேசியில், ரூட்டரில் போட்டாயா, போட்டிருந்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடு என்றார். அந்தத் துறையில் அறிவுரைக்கு மட்டும் பஞ்சமில்லை.

முப்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கணக்கு முடியும். குளிர்பெட்டியை ஏற்ற வேண்டிய லாரிக்குச் சீட்டுக்கூட எழுதியாகிவிட்டது.

எட்டு மணிக்குப் பெலோகாசி வந்து சேர்ந்தபோது செவிலியர் ட்யாலி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே பெஞ்சில் பதினோரு தாய்மார்கள். லாரி வருகிற செய்தி ஊருக்குள் எப்படியோ போய்விட்டிருந்தது. அடுத்த மாதம் போட வேண்டிய ஊசியை இன்றே போட்டுவிடு என்று கேட்டு வந்திருந்தார்கள்.

"அடுத்த மாசத்து ஊசிய இன்னைக்கே எப்படி சிஸி போடுறது," என்றாள் ட்யாலி. சிஸி என்றால் அக்கா. "காலண்டரக் கிழிச்சா குழந்தை வளர்ந்துடுமா? நீ அந்தப் பொட்டியப் பேச வை. இவங்கள நான் பாத்துக்கறேன்."

பெலோகாசி சுவரோரம் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். முதுகு வலித்தது. ஐந்தாம் முறையும் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. ரூட்டரின் முதல் பக்கத்தில், நான்கு முறையும் பார்வை தாண்டிப் போன ஒரு வரி. ரூட்டருக்கு வெளியுலகத்திலிருந்து கிடைத்திருக்கும் முகவரி. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றறுபத்தெட்டு என்று தொடங்கியது.

அவள் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெளியுலக முகவரியே இல்லை. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் எண். இந்த ரூட்டருக்கு முன்னால் இன்னொன்று நின்றுகொண்டு, அதுவும் தன் பங்குக்கு ரூட்டர் வேலை பார்க்கிறது என்று அர்த்தம். மாட்டுத் தொழுவத்தின் படலை நான்கு முறை திறந்து வைத்திருக்கிறாள். முற்றத்து வேலியின் படல் சாத்தியே இருந்திருக்கிறது. வருகிறவன் முற்றத்துக்கே வராதபோது தொழுவம் திறந்திருந்து என்ன பயன்?

முன்னால் நிற்பது மோடம். மேட்டில், அவள் மாமியார் வீட்டில் இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் மருத்துவ நிலையத்தில் கைப்பேசிக்குப் போதும் அலைவரிசை மோடத்துக்குப் போதாது என்பதால் நான்கு வருடம் முன்பு அங்கே மாட்டி, நீண்ட கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் கீழே இழுத்தார்கள். மோடம் எதையும் தடுக்காது, அப்படியே கடத்திவிடும் என்று அன்று எழுதிய காகிதத்தில் இருந்தது. பெலோகாசி காகிதத்தை நம்பினாள்.

வேறு எங்கேயாவது என்றால் போய்ப் பார்த்திருப்பாள். பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, பத்து நிமிடத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் அந்த மோடத்தைத் தன் கைத்தடிக்கும் புகையிலைப் பைக்கும் நடுவில், குடிசையின் ஆண்கள் பக்கத்தில், ஆணி அடித்து மாட்டச் சொன்னவர் மாமனார். மருமகள் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அவர் இருந்தவரை விளக்கு சிவந்தால் அவரே எழுந்து அணைத்துப் போடுவார். அவர் போன பிறகு பெலோகாசி பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு துடைப்பக் கட்டையை நீட்டிச் சுவிட்சைத் தட்டுவாள். அந்த வித்தையில் அவள் தேர்ச்சி பெற்றிருந்தாள். பதினான்கு நிலையங்களின் வலையமைப்பைக் கட்டி மேய்க்கிற பெண், தன் வீட்டு மோடத்தை ஏழு அடி தூரத்திலிருந்து துடைப்பத்தால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

மோடத்தின் அமைப்புப் பக்கம் கீழிருந்தே கணினியில் திறந்தது. கடவுச்சொல் கேட்டது. வழக்கமான சொற்கள் எதுவும் செல்லவில்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசினாள். இருபத்திரண்டு நிமிட இசைக்குப் பிறகு ஓர் இளம்பெண் வந்து, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேச முடியும் என்றாள். அவர் இறந்துவிட்டார் என்று பெலோகாசி சொன்னாள். அப்படியானால் இறப்புச் சான்றிதழோடு அவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, மன்னிப்புக் கேட்டாள். பெலோகாசிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும்.

ஊசியால் குத்தி மோடத்தைப் பிறந்த நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நிறுவனம் உள்ளே வைத்திருக்கும் இணைப்பு விவரமும் சேர்ந்து அழிந்துவிடும். அவர்களுடைய ஆள் வந்து போட மூன்று வாரம் ஆகும்.

பத்தரை மணிக்கு வண்டியை மேட்டுக்கு ஓட்டினாள். வண்டியை விட்டு இறங்கியதும் பின்னிருக்கையிலிருந்து துணியை எடுத்துத் தலையில் கட்டினாள், சால்வையைத் தோளில் போட்டாள். பத்தடி நடப்பதற்குள் அரசு அலுவலர் மறைந்து மருமகள் ஆகியிருந்தாள்.

நோஃபெசிலே பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். பெலோகாசி மண்டியிட்டு வணங்கிவிட்டு, குளிர்பெட்டி, லாரி, பன்னிரண்டு மணி எல்லாவற்றையும் சொன்னாள். மோடத்துக்கு மாமனார் வைத்த கடவுச்சொல் தெரியுமா என்று கேட்டாள். கிழவி தெரியாது என்றாள். சொன்ன வேகம் சரியில்லை. கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் உதிர்க்க ஒரு மணிகூட மிச்சமில்லை.

"அம்மா, கீழ பதினோரு குழந்தைங்க உட்கார்ந்திருக்கு."

"தெரியும்," என்றாள் நோஃபெசிலே. "சொல்லத்தான் முடியாது."

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது. மோடம் மாட்ட வந்த ஆள், இந்த வீட்டில் யாரும் வாய்தவறிக்கூட வெளியே சொல்லிவிடாத ஒரு சொல்லாக வையுங்கள் ஐயா என்றானாம். கிழவர் யோசித்துவிட்டு அவன் காதில் ஏதோ சொன்னார். அன்று சாயந்திரம் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். என்ன சிரிப்பு என்று இவள் கேட்டதற்கு, "இந்த வீட்டுப் பொம்பளைங்க யாராலயும் இனி அந்தப் பொட்டியக் காட்டிக்கொடுக்க முடியாது" என்றாராம்.

பெலோகாசிக்குப் புரிந்துவிட்டது. ஒரு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தெரிந்துவைத்திருந்து, ஒருத்தியும் சொல்லக் கூடாத சொல் ஒரே ஒரு வகைதான். கிழவரின் தகப்பன் பெயர். நோஃபெசிலேக்கு அவர் மாமனார். பெலோகாசிக்குக் கணவனின் பாட்டனார். மங்காலிசோ.

அவளால் எழுத முடியாததை நான் எழுதிவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆச்சரியம் என்று பொருள்படும் பெயர் அது. அதனால் அந்த வீட்டு மருமகள்கள் ஆச்சரியம் என்ற சொல்லையே வாழ்நாள் முழுக்கத் தொடுவதில்லை, சுற்றி வளைத்து வேறு ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சொல்லையும் சேர்த்துப் பறித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"ஆம்பளை யாரையாவது கூட்டிட்டு வா," என்றாள் நோஃபெசிலே. "கீழ காவல்காரன் இருக்கான் இல்ல, கொன்ட்சானா. அவன் நம்ம குலம் கிடையாது. அவன் அடிச்சுட்டுப் போகட்டும்."

நல்ல யோசனைதான். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத யோசனை. பெலோகாசி எழுந்தாள், வாசல் வரை போனாள். கீழே சரிவில் மருத்துவ நிலையத்தின் தகரக் கூரை தெரிந்தது. கொன்ட்சானாவுக்கு முழங்கால் பிசகு, மேடேறி வர அரைமணி ஆகும். வண்டியில் ஏற்றி வரலாம். வந்தால் அவருக்குத் தேநீர் போட வேண்டும். அவருக்கு விசைப்பலகை பழக்கமில்லை, எந்த எழுத்து எங்கே என்று விரலால் காட்ட வேண்டும். பெயரை மட்டும் தவிர மற்றதெல்லாம் இவளே செய்ய வேண்டும். ஐந்து பயணம், பதினான்கு நிலையம், ஏழு வருடம். கடைசியில் ஒன்பது எழுத்தை அழுத்த ஒரு ஆம்பளை விரலைத் தேடிக்கொண்டு மலையிறங்க வேண்டும்.

அவள் புரட்சி செய்யவில்லை. அப்படி யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவளுக்கு மலை இறங்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"என்ன பண்ற மகோட்டி?" மருமகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

"எழுதுறேன்மா."

நோஃபெசிலே கையிலிருந்த வெறுங்கதிரைக் கீழே வைத்தாள்.

முதல் எழுத்தைப் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் அடித்தாள். தவறு என்றது திரை. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தாள். தவறு. இன்னும் ஒரு முறைதான், அதுவும் தவறினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும் என்று சிவப்பில் எச்சரித்தது. மணி பதினொன்று பத்து.

விசைப்பலகையின் மேல் கையை வைத்தபடி பெலோகாசி உட்கார்ந்திருந்தாள். கிழவி திறந்த வாசல் வழியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழுவத்தின் பக்கத்தில் இரண்டு கல்லறைகள். ஒன்றில் மண் இன்னும் அமுங்கவில்லை. மற்றது பழையது.

"கல்லு வெட்டினவன்," என்றாள் நோஃபெசிலே, யாரிடமோ சொல்வதுபோல, "பேரோட மட்டுமா நிறுத்தினான்?"

பழைய கல்லில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. அதன்கீழ், பிறந்த வருடம் மட்டும். இறந்த வருடத்துக்கு இடம் போதாமல் விட்டுவிட்டார்கள். பெலோகாசி கல்லில் இருந்ததை இருந்தபடியே அடித்தாள். மங்காலிசோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது.

பக்கம் திறந்தது.

முதலில் மோடத்தின் வெளி முகவரியைத் தேடிப் பார்த்தாள். இதற்கும் அப்பால், நிறுவனத்திடம் மூன்றாவது படல் ஒன்று இருந்துவிட்டால் அவள் செய்ய ஏதுமில்லை. இருக்கவில்லை. உண்மையான முகவரிதான். இந்தக் கதவைத் தட்டுகிறவரை மருத்துவ நிலையத்து ரூட்டரிடம் அனுப்பு என்று எழுதிச் சேமித்தாள். மோடம் அப்படியே உறைந்துபோனது. விளக்கு சிவந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அணைத்துப் போட்டால்தான் விழிக்கும்.

துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் எழுந்து, அதைத் தாண்டி நடந்து, சுவிட்சை அணைத்தாள். பத்து வரை எண்ணிவிட்டுப் போட்டாள். விளக்கு பச்சையாகும் வரை அங்கேயே நின்றாள். கைத்தடியும் புகையிலைப் பையும் முகத்துக்கு நேரே தொங்குவதைக் கண்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. மாமனார் புகையிலையின் வாடை அந்தப் பையில் இன்னும் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். நோஃபெசிலே அடுத்த கதிரை எடுத்திருந்தாள்.

"யார் கேட்டாலும் நான் தூங்கிட்டிருந்தேன்," என்றாள் கிழவி. "டிசம்பர்ல உன் புருஷன் வந்ததும் ஒரு கோழி அறுத்து முன்னோருக்குப் படைச்சுடலாம். அதுக்கு மேல அவங்களும் கேட்க மாட்டாங்க."

பதினொன்று நாற்பதுக்குப் பெலோகாசி கைப்பேசியில் கதவைத் தட்டினாள். முப்பது நாளில் முதல் முறையாக, திறந்திருக்கிறது என்றது. சிகிதியை அழைத்தாள். அவர் தன் கணினியில் படித்தார். நான்கு புள்ளி ஆறு பாகை. லாரியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்றார். ரூட்டரில்தானே போட்டாய், நான் அன்றைக்கே சொன்னேன் என்றார். அடுத்த வாரம் இன்னொரு நிலையத்தில் இதே தொல்லை என்றார். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, செவிலியர் ட்யாலிக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினாள். கீழே பெஞ்சு காலியாகிறது என்பது, முதுகில் குழந்தையோடு ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கி நடப்பவர்களைப் பார்த்ததும் தெரிந்தது. அவர்கள் அடுத்த மாதம் வரலாம்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. கல்லறையில் எழுதியிருப்பதைக் கடவுச்சொல்லாக வைத்திருக்க முடியாது, முற்றத்துக்கு வருகிற எவனும் படித்துவிடுவான். மாற்ற வேண்டும். என்ன வைக்கலாம் என்று மாமியாரைக் கேட்டாள். கிழவி கணினியை இப்படித் தள்ளு என்றாள்.

வீங்கிய ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அடித்தாள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள். முடிந்ததும் திரையைப் பெலோகாசியின் பக்கம் திருப்பினாள். ஒரு பெண்ணின் பெயர். பெலோகாசி கேள்விப்பட்டதே இல்லை.

"யாரும்மா இது?"

"நான்தான்," என்றாள் கிழவி. "இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

ஐம்பத்திரண்டு வருடமாக அந்தப் பெயரை யாரும் தடை செய்திருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏழு வருடம் அவள் கையால் சோறு வாங்கித் தின்ற பெலோகாசியும் கேட்கவில்லை. அது என்ன பெயர் என்று இங்கே எழுதப்போவதில்லை, அது இப்போது கடவுச்சொல். பெலோகாசி அதோடு இரண்டு எண்களைச் சேர்த்துச் சேமித்தாள். தலைத்துணியை அவிழ்த்துப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு, திரும்பிப் போய் நாளை மறுபடி வர வேண்டிய இரண்டரை மணி நேரச் சாலையை நினைத்தபடி வண்டியைக் கிளப்பினாள்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. இன்று வீட்டுக்குப் போனதும், சுவரில் தொங்கும் அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் கையிலும் எழுதிக் கொடுங்கள். கொடுக்கும்போது, உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்ட பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.